பிரிண்டர் ஒன்று, கம்ப்யூட்டர் இரண்டு: அச்சு வராவிட்டால் எங்கே தேடுவது?

வீட்டிலோ சிறிய அலுவலகத்திலோ இரண்டாவது கம்ப்யூட்டர் ஒன்று வந்தவுடன் அடுத்து எழும் கேள்வி இதுதான். ஏற்கனவே இருக்கும் பிரிண்டரை இதிலிருந்தும் பயன்படுத்த முடியாதா? முடியும். அந்த வசதி விண்டோஸ் சிஸ்டத்துடனேயே தரப்படுகிறது. தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஆனால் எனக்கு வரும் சந்தேகங்களில் மிக அதிகமானவை இந்த வசதியைப் பற்றியவைதான். "நேற்று வரை வந்தது, இன்று வரவில்லை", "பிரிண்டரே தெரியவில்லை", "ஆப்லைன் என்று காட்டுகிறது", "பாஸ்வேர்ட் கேட்டுக் கொண்டே இருக்கிறது" எனப் பல வடிவங்களில் பிரச்னை வருகிறது.

இப்படி வந்தவுடன் பலர் கையில் கிடைத்த செட்டிங்ஸ் எல்லாவற்றையும் மாற்றிப் பார்க்கின்றனர். பயர்வாலை நிறுத்துகின்றனர். பாஸ்வேர்டை எடுத்து விடுகின்றனர். இறுதியில் அச்சும் வருவதில்லை, கம்ப்யூட்டரின் பாதுகாப்பும் போய் விடுகிறது. இதற்கு அவசியமே இல்லை. நீங்கள் கொடுக்கும் பிரிண்ட் கட்டளை, இரண்டாவது கம்ப்யூட்டரில் புறப்பட்டு, நெட்வொர்க் வழியாக முதல் கம்ப்யூட்டரை அடைந்து, அங்கு அனுமதி பெற்று, பிறகுதான் பிரிண்டருக்குச் செல்கிறது. இதில் எந்த இடத்தில் தடை என்று வரிசையாகச் சோதித்தால் போதும். பெரும்பாலும் அரை மணி நேரத்தில் காரணம் தெரிந்துவிடும்.

இந்தக் கட்டுரையில் பிரிண்டர் யு.எஸ்.பி. கேபிள் மூலம் இணைக்கப்பட்டிருக்கும் கம்ப்யூட்டரை முதல் கம்ப்யூட்டர் என்றும், மற்றதை இரண்டாவது கம்ப்யூட்டர் என்றும் குறிப்பிடுகிறேன். மெனு பெயர்கள் விண்டோஸ் 11 தொகுப்பில் உள்ளபடி தரப்பட்டுள்ளன. விண்டோஸ் 10 தொகுப்பிலும் இதே பிரிவுகள் சற்று இடம் மாறி இருக்கும்.

1. முதல் கம்ப்யூட்டரில் அச்சு வருகிறதா?

இரண்டாவது கம்ப்யூட்டரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். முதல் கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ் திறந்து, புளூடூத் அண்ட் டிவைசஸ் பிரிவில் பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் தேர்ந்தெடுங்கள். உங்கள் பிரிண்டரின் பெயரில் கிளிக் செய்தால் பிரிண்ட் டெஸ்ட் பேஜ் என்ற பட்டன் கிடைக்கும். அதனை அழுத்துங்கள். தாள் வெளியே வந்தால் பிரிண்டர், கேபிள், டிரைவர் மூன்றும் சரி. வரவில்லை என்றால் ஷேரிங் பற்றிக் கவலைப்படும் நேரம் இன்னும் வரவில்லை. கேபிளையும் டோனரையும் பாருங்கள்.

பிரிண்டரில் குறை இல்லை, ஆனால் வரிசையில் பழைய பைல் ஒன்று சிக்கிக் கொண்டு மற்றவற்றை மறித்துக் கொண்டிருக்கலாம். கேன்சல் கொடுத்தும் அது போகாவிட்டால், ஸ்டார்ட் மெனுவில் சர்வீசஸ் எனத் தேடித் திறந்து, பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலர் மீது ரைட் கிளிக் செய்து ஸ்டாப் கொடுங்கள். பின் சி டிரைவில் விண்டோஸ், அதனுள் சிஸ்டம்32, அதனுள் ஸ்பூல், அதனுள் பிரிண்டர்ஸ் எனப் போல்டர்களைத் திறந்து, கடைசிப் போல்டருக்குள் உள்ள பைல்களை மட்டும் அழித்துவிடுங்கள். போல்டரை அழித்துவிட வேண்டாம். மீண்டும் பிரிண்ட் ஸ்பூலரை ஸ்டார்ட் செய்திடுங்கள்.

2. பிரிண்டர் ஷேர் செய்யப்பட்டுள்ளதா?

அதே பிரிண்டர் பக்கத்தில் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ் கிளிக் செய்திடுங்கள். கிடைக்கும் விண்டோவில் ஷேரிங் டேப் செல்லவும். ஷேர் திஸ் பிரிண்டர் என்பதன் எதிரே டிக் அடையாளம் இருக்க வேண்டும். அதன் கீழே ஷேர் நேம் என்ற கட்டம் இருக்கும். விண்டோஸ் இதில் பிரிண்டரின் நீளமான மாடல் பெயரைப் போட்டிருக்கும். அதனை எடுத்துவிட்டு, லேசர் என்பது போல இடைவெளி இல்லாத சிறிய பெயர் ஒன்றை ஆங்கிலத்தில் தாருங்கள். பின்னால் இந்தப் பெயரை டைப் செய்ய வேண்டி வரும். அப்போது இதன் அருமை தெரியும்.

3. இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் உள்ளனவா?

பலர் தவறவிடும் சோதனை இது. இரண்டு கம்ப்யூட்டரிலும் இன்டர்நெட் கிடைத்தால், இரண்டும் ஒரே நெட்வொர்க்கில்தான் இருக்கின்றன என எண்ணிவிடுகிறோம். அது உண்மையாக இருக்க வேண்டியதில்லை.

விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தினால் ரன் கட்டம் கிடைக்கும். அதில் சி, எம், டி என மூன்று ஆங்கில எழுத்துக்களை டைப் செய்து என்டர் தட்டுங்கள். கறுப்பு நிற விண்டோ திறக்கும். அதில் ஐ, பி, சி, ஓ, என், எப், ஐ, ஜி என்ற எழுத்துக்களை இடைவெளி இன்றி டைப் செய்து என்டர் தட்டுங்கள். வரும் வரிகளில் ஐபிவி4 அட்ரஸ் என்பதன் எதிரே உள்ள எண்ணைத் தாளில் எழுதிக் கொள்ளுங்கள். இரண்டு கம்ப்யூட்டரிலும் இதனைச் செய்திட வேண்டும். வீட்டு நெட்வொர்க்கில் பெரும்பாலும் முதல் மூன்று பகுதிகள் ஒன்றாக இருக்கும். ஒன்றில் 192.168.1.5, மற்றதில் 192.168.1.8 என்றால் சரி. மூன்றாவது பகுதி மாறியிருந்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

தாலுகா அலுவலகம் ஒன்றின் எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் இதனை நேரில் பார்த்தேன். கடையில் ஒரு டெஸ்க்டாப், ஒரு லேப்டாப், ஒரு லேசர் பிரிண்டர். லேப்டாப்பிலிருந்து பல நாட்களாக அச்சு வரவில்லை. ஒவ்வொரு பைலையும் பென் டிரைவில் எடுத்துச் சென்று டெஸ்க்டாப்பில் போட்டு அச்செடுத்துக் கொண்டிருந்தார் கடைக்காரர். காலை நேரத்தில் சான்றிதழ் விண்ணப்பத்துடன் வரும் கூட்டத்திற்கு இது கட்டுப்படியாகுமா? பார்க்க வந்த மெக்கானிக் இரண்டு கம்ப்யூட்டரிலும் பயர்வாலை நிறுத்தி, பாஸ்வேர்டையும் நீக்கிவிட்டு, அப்படியும் வரவில்லை என்றதும் புதிய பிரிண்டர் வாங்கச் சொல்லிவிட்டார்.

இரண்டிலும் ஐபி முகவரியைப் பார்த்தேன். டெஸ்க்டாப்பில் 192.168.1 என்று தொடங்கியது. லேப்டாப்பில் 192.168.43 என்று தொடங்கியது. ஆண்ட்ராய்ட் போன்கள் பலவற்றின் ஹாட்ஸ்பாட் தரும் முகவரி இது. ஒரு நாள் பிராட்பேண்ட் இணைப்பு நின்றபோது லேப்டாப்பைத் தன் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்திருக்கிறார் கடைக்காரர். தானாக இணைந்து கொள்ளவும் என்ற டிக் அடையாளம் அப்படியே இருந்திருக்கிறது. அன்று முதல் லேப்டாப் காலையில் போனைத்தான் தேடிப் பிடித்துக் கொண்டது. இன்டர்நெட் தடையின்றி வந்ததால் யாருக்கும் ஐயம் வரவில்லை. லேப்டாப்பைக் கடையின் வை-பி நெட்வொர்க்கிற்கு மாற்றி, ஹாட்ஸ்பாட்டின் டிக் அடையாளத்தை எடுத்ததும் இரண்டு கம்ப்யூட்டரும் ஒன்றையொன்று பார்த்தன. மெக்கானிக் நீக்கிய பயர்வாலையும் பாஸ்வேர்டையும் மீண்டும் அமைத்தோம். பிரிண்டர் மாறவில்லை, செலவு ஒரு ரூபாய் கூட இல்லை.

அந்தக் கடை டெஸ்க்டாப்பில் வாடிக்கையாளர்களின் ஆதார், பட்டா, மதிப்பெண் பட்டியல் ஸ்கேன்கள் போல்டர் போல்டராக இருந்தன. பாஸ்வேர்ட் இல்லாமல், பயர்வால் இல்லாமல் அவற்றை வைத்திருப்பது கடையைப் பூட்டாமல் போவதற்குச் சமம். ஓர் அச்சுத் தாளுக்காக அந்த விலையைக் கொடுக்கக் கூடாது.

வேறு சிலர் வீட்டில் ரவுட்டரின் கெஸ்ட் வை-பியில் ஒரு கம்ப்யூட்டர் இணைந்திருக்கும். விருந்தினர்களுக்கான அந்த நெட்வொர்க், வீட்டின் மற்ற சாதனங்களைக் காட்டாமல் மறைப்பதற்கென்றே அமைக்கப்படுவது. அதிலிருந்தும் பிரிண்டர் கிடைக்காது.

4. கதவு திறந்திருக்கிறதா?

நெட்வொர்க் ஒன்றுதான் என்று உறுதியானதும், செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் சென்று உங்கள் இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸ் திறந்திடுங்கள். பப்ளிக் நெட்வொர்க், பிரைவேட் நெட்வொர்க் என இரண்டு பிரிவுகள் இருக்கும். பப்ளிக் என்பது ரயில் நிலையம், ஓட்டல் போன்ற இடங்களுக்கானது. அதில் இருந்தால் விண்டோஸ் உங்கள் கம்ப்யூட்டரைப் பிறர் கண்ணில் படாமல் வைத்துக் கொள்ளும். வீட்டு நெட்வொர்க்கிற்கு பிரைவேட் தேர்ந்தெடுங்கள். ரவுட்டரை மாற்றினாலும் வை-பி பெயரை மாற்றினாலும் விண்டோஸ் அதனைப் புதிய நெட்வொர்க்காகக் கருதி மீண்டும் பப்ளிக் பிரிவில் சேர்க்கக்கூடும். "நேற்று வரை வந்தது" என்ற புகாருக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பின் அதே நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் பிரிவில் அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ், அதில் அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ் செல்லுங்கள். பிரைவேட் நெட்வொர்க்ஸ் என்பதன் கீழ் நெட்வொர்க் டிஸ்கவரி, பைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் ஆகிய இரண்டும் ஆன் நிலையில் இருக்க வேண்டும். இவற்றை ஆன் செய்தால் பயர்வால் தேவையான வழியை மட்டும் தானே திறந்து கொள்ளும். பயர்வாலை முழுவதுமாக நிறுத்த வேண்டியதில்லை. தனியாக ஆண்ட்டி வைரஸ் தொகுப்பு வாங்கி அதற்கெனப் பயர்வால் இருந்தால், அதிலும் உங்கள் வீட்டு நெட்வொர்க் நம்பிக்கையானது எனக் குறிப்பிட வேண்டும்.

இப்போது இரண்டாவது கம்ப்யூட்டரின் கறுப்பு விண்டோவில் பி, ஐ, என், ஜி என டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, முதல் கம்ப்யூட்டரின் ஐபி முகவரியைத் தந்து என்டர் தட்டுங்கள். முதல் கம்ப்யூட்டரின் முகவரியிலிருந்து பதில் வந்ததாக நான்கு வரிகள் வந்தால் வழி சரி. ரெக்வெஸ்ட் டைம்டு அவுட் என வந்தால் இன்னும் தடை உள்ளது. ரிப்ளை என்று தொடங்கி அன்ரீச்சபிள் என்று முடியும் வரியைக் கண்டு ஏமாற வேண்டாம். அதில் உள்ளது உங்கள் கம்ப்யூட்டரின் முகவரியாகவே இருக்கலாம். பதில் கிடைக்கவில்லை என்பதே அதன் பொருள்.

5. பாஸ்வேர்ட் ஏன் மறுக்கப்படுகிறது?

ரன் கட்டத்தில் இரண்டு பேக்ஸ்லாஷ் அடையாளம் இட்டு, தொடர்ந்து முதல் கம்ப்யூட்டரின் முகவரியை \\192.168.1.5 என்பது போல டைப் செய்து என்டர் தட்டுங்கள். யூசர் நேம், பாஸ்வேர்ட் கேட்கும். புதியவர்கள் இங்கே திணறுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, நீங்கள் தினமும் கம்ப்யூட்டரில் நுழையும்போது தரும் பின் நம்பர் இங்கு செல்லாது. அது அந்தக் கம்ப்யூட்டரின் முன் அமர்பவருக்கு மட்டுமானது. நெட்வொர்க் வழியே வருபவர் முழு பாஸ்வேர்டைத் தர வேண்டும். இரண்டாவது, பாஸ்வேர்டே இல்லாத அக்கவுண்ட் ஒன்றின் பெயரைக் கொடுத்து, பாஸ்வேர்ட் கட்டத்தைக் காலியாக விட்டால் விண்டோஸ் அனுமதிக்காது. பாஸ்வேர்ட் இல்லாத அக்கவுண்ட்டை நெட்வொர்க் வழியே பயன்படுத்துவதை விண்டோஸ் தானாகவே தடுத்து வைத்துள்ளது.

இரண்டிற்கும் ஒரே தீர்வு உண்டு. முதல் கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் சென்று, மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் இல்லாத லோக்கல் அக்கவுண்ட் ஒன்றை உருவாக்குங்கள். ஆபீஸ் என்பது போல ஒரு பெயரும், நல்ல பாஸ்வேர்டும் தாருங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி வேண்டாம், சாதாரண அக்கவுண்ட் போதும். இனி இரண்டாவது கம்ப்யூட்டர் கேட்கும்போது, யூசர் நேம் கட்டத்தில் முதல் கம்ப்யூட்டரின் பெயர், ஒரு பேக்ஸ்லாஷ், அதன்பின் இந்த அக்கவுண்ட்டின் பெயர் என இடைவெளி இன்றி டைப் செய்து, பாஸ்வேர்டையும் தாருங்கள். நினைவில் வைத்துக் கொள்ளவும் என்ற கட்டத்தில் டிக் செய்தால் மறுபடியும் கேட்காது. கம்ப்யூட்டரின் பெயரை செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் பிரிவில் காணலாம். முன்பு தவறாகச் சேமித்த பாஸ்வேர்ட் குறுக்கே வந்தால், கண்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜர் திறந்து அந்தப் பதிவை நீக்கிவிடுங்கள்.

பாஸ்வேர்ட் பாதுகாப்பையே ஆப் செய்துவிடுங்கள் என்று பலர் ஆலோசனை கூறுவார்கள். அது பாதுகாப்பற்றது என்பது ஒருபுறம் இருக்க, அது இப்போது வேலை செய்யாமலும் போகலாம். 2024ல் வெளியான விண்டோஸ் 11 24எச்2 தொகுப்பின் புரோ பதிப்பு, பாஸ்வேர்ட் இல்லாத விருந்தினர் முறை இணைப்புகளைத் தானாகவே மறுக்கிறது.

6. டிரைவரும் 11பி பிழையும்

பெயரும் பாஸ்வேர்டும் சரியாக இருந்தால் பிரிண்டரின் ஐகான் தெரியும். அதில் டபுள் கிளிக் செய்தால் இணைய வேண்டும். இங்கே சிலருக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கேட்கும். வேறு சிலருக்கு 0எக்ஸ்0000011பி என்ற பிழைச் செய்தி வரும். இவற்றின் பின்னணியைத் தெரிந்து கொள்வது நல்லது.

2021ஆம் ஆண்டின் நடுவில், விண்டோஸ் தொகுப்பின் பிரிண்ட் ஸ்பூலர் பிரிவில் பிரிண்ட் நைட்மேர் என்ற பெயரில் பெரிய ஓட்டை ஒன்று வெளியே தெரிய வந்தது. நெட்வொர்க் வழியே வரும் ஒருவர் கம்ப்யூட்டரையே தன் வசப்படுத்த இது இடம் கொடுத்தது. மைக்ரோசாப்ட் அந்த ஆண்டு ஜூலையில் அவசர அப்டேட் வெளியிட்டது. ஆகஸ்ட் அப்டேட்டிலிருந்து, ஷேர் செய்த பிரிண்டரின் டிரைவரை நிறுவ அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கட்டாயமானது. செப்டம்பரில் மற்றொரு பாதுகாப்பு அமலுக்கு வந்தது. ஒரு கம்ப்யூட்டர் அப்டேட் செய்யப்பட்டு மற்றது பழையபடியே இருந்தால், 11பி பிழை அப்போதிலிருந்து தலை காட்டத் தொடங்கியது.

ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்ஜியமாக மாற்றினால் இந்தப் பிழை போய்விடும் எனப் பலர் சொல்வார்கள். போகும். ஆனால் செப்டம்பரில் வந்த அந்தப் பாதுகாப்பை நீங்களே நீக்கி விடுகிறீர்கள். முதலில் இரண்டு கம்ப்யூட்டரிலும் விண்டோஸ் அப்டேட் இயக்கி முழுமையாக அப்டேட் செய்திடுங்கள். அதிலும் தீராவிட்டால் ரெஜிஸ்ட்ரியைத் தொடாத ஒரு வழி இருக்கிறது.

பிரிண்டரின் யு.எஸ்.பி. கேபிளை ஒரு முறை இரண்டாவது கம்ப்யூட்டரில் செருகுங்கள். பிரிண்டர் நிறுவனத்தின் சொந்த இணைய தளத்திலிருந்து டிரைவரை எடுத்து நிறுவி, ஒரு டெஸ்ட் பேஜ் அச்சிடுங்கள். பின் கேபிளை மீண்டும் முதல் கம்ப்யூட்டருக்கே மாற்றுங்கள். இப்போது இரண்டாவது கம்ப்யூட்டரில் அந்தப் பிரிண்டரின் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ் திறந்து போர்ட்ஸ் டேப் செல்லுங்கள். ஆட் போர்ட், லோக்கல் போர்ட், நியூ போர்ட் என வரிசையாகக் கிளிக் செய்திடுங்கள். கேட்கும் பெயராக இரண்டு பேக்ஸ்லாஷ், முதல் கம்ப்யூட்டரின் பெயர், ஒரு பேக்ஸ்லாஷ், நீங்கள் தந்த ஷேர் நேம் ஆகியவற்றை இடைவெளி இன்றித் தாருங்கள். அப்ளை கிளிக் செய்து டெஸ்ட் பேஜ் கொடுத்தால் அச்சு முதல் கம்ப்யூட்டரில் உள்ள பிரிண்டரில் வரும். சென்ற பகுதியில் சொன்ன பாஸ்வேர்ட் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. ஒரு கம்ப்யூட்டர் 32 பிட், மற்றது 64 பிட் என்று இருந்தாலும், அதனதன் டிரைவர் அதனதனிலேயே இருப்பதால் இந்த வழி கை கொடுக்கும்.

டிரைவர் தேடும்போது கவனம் தேவை. தேடல் முடிவுகளில் பிரிண்டர் நிறுவனத்தின் பெயரைப் போலவே தோன்றும் போலித் தளங்கள் வரும். உதவி எண் என்று போன் நம்பர் தந்து, உங்கள் கம்ப்யூட்டரைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதி கேட்பவர்களை நம்ப வேண்டாம்.

7. சில நாளில் மறுபடியும் நின்றால்

இணைப்பு ஒரு முறை அமைந்த பின்னரும், திடீரென ஆப்லைன் எனக் காட்டினால் முதலில் முதல் கம்ப்யூட்டரைப் பாருங்கள். அது ஆன் நிலையில் இருக்க வேண்டும். திரை பூட்டப்பட்டிருந்தாலும் அச்சு வரும். ஆனால் ஸ்லீப் நிலைக்குச் சென்றிருந்தால் வராது. அலுவலக நேரத்தில் ஸ்லீப் செல்லாதபடி, செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் பிரிவில் அமைத்துக் கொள்ளுங்கள்.

மற்றொரு காரணம் ஐபி முகவரி. ரவுட்டர் ஆப் ஆகி ஆன் ஆகும்போது கம்ப்யூட்டருக்கு வேறு எண் கிடைக்கக்கூடும். நேற்று 192.168.1.5 என்றிருந்தது இன்று 192.168.1.9 ஆகலாம். எனவே முகவரியைச் சோதனைக்கு மட்டும் பயன்படுத்தி, நிரந்தர இணைப்பிற்குக் கம்ப்யூட்டரின் பெயரையே பயன்படுத்துங்கள்.

ஷேரிங் தேவையா?

பிரிண்டரிலேயே வை-பி வசதியோ நெட்வொர்க் கேபிள் செருகும் இடமோ இருந்தால், அதனை நேரடியாக ரவுட்டருடன் இணைத்துவிடுங்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனித்தனியே பிரிண்டருடன் பேசும். யாருக்காகவும் மற்றொரு கம்ப்யூட்டர் ஆன் நிலையில் காத்திருக்க வேண்டியதில்லை. மொபைல் போனிலிருந்தும் அச்செடுக்கலாம். புதிதாகப் பிரிண்டர் வாங்குபவர்கள் இந்த வசதி உள்ளதைக் கேட்டு வாங்குவது நல்லது. யு.எஸ்.பி. மட்டும் உள்ள பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்குத்தான் ஷேரிங்.

விண்டோஸ் 7 தொகுப்பிற்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14ல் முடிந்தது. விண்டோஸ் 10 தொகுப்பிற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. பழைய கம்ப்யூட்டரைப் பிரிண்டருக்காக மட்டும் வைத்திருப்பவர்கள், வாடிக்கையாளர்களின் ஆவணங்களையோ வங்கிக் கணக்கு விபரங்களையோ அதில் சேமிக்காமல் இருப்பது நல்லது.

இறுதியாக ஒரு சிறிய வேலை. கம்ப்யூட்டரின் பெயர், ஷேர் நேம், உருவாக்கிய அக்கவுண்ட்டின் பெயர் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பிரிண்டரின் பக்கவாட்டில் ஒட்டி வையுங்கள். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுத வேண்டாம். அடுத்த முறை அச்சு வராதபோது, எதையும் மாற்றுவதற்கு முன் முதல் கம்ப்யூட்டரில் ஒரு டெஸ்ட் பேஜ் கொடுத்து அங்கிருந்து வரிசையாக வாருங்கள்.